வியப்புப் பதிவேடு

அயல்நாட்டார் அன்றாட இணக்கப் பிரிவு காலை பத்து மணிக்குத் திறக்கும் என்று பலகையில் எழுதியிருந்தது. லோகநாதன் பத்து மணிக்குப் போனான். அதுதான் அவன் செய்த முதல் தவறு.

பதினொன்று இருபதுக்கு ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கழுத்தில் அடையாள அட்டை. மாரிச்செல்வி, இளநிலை உதவியாளர். பூட்டைத் திறந்துகொண்டே கேட்டார்.

"எம்புட்டு நேரமா நிக்கீங்க?"

"பத்து மணியில இருந்து மேடம்."

"பத்துக்கா? பத்துக்கு எதுக்கு வந்தீங்க?"

"போர்டுல போட்டிருக்கே."

"போர்டு கிடக்கு. ஆபீசு பதினொன்றரைக்குத்தான். இன்னிக்கு நான் சீக்கிரம் வந்துட்டேன்."

"என்னது!" என்றான் லோகநாதன்.

மாரிச்செல்வி உள்ளே போனார். விளக்கைப் போடவில்லை. மின்விசிறியைப் போடவில்லை. அலமாரியிலிருந்து நீளமான பதிவேடு ஒன்றை எடுத்தார். அவன் பெயரைக் கேட்டு எழுதினார். நேரத்தை எழுதினார். பிறகு அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மூன்று கட்டங்களில் குறி போட்டார்.

லோகநாதன் இலங்கையில், ஹட்டனில் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். ராஜபாளையத்துப் பாண்டிசெல்வி அவனுக்குத் தூரத்து முறைப்பெண். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்துபோன உறவை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்தார்கள். கல்யாணம் ஆனது. அவன் இங்கே வந்து பதினாலு மாதம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்று விசாவில் இருந்தது. சமைப்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவன் சமைத்தான். பாண்டிசெல்வி பேண்டேஜ் துணி மில்லுக்குப் போய் வந்தாள்.

இப்போது ஹட்டனில் அவன் தங்கை சுகந்திக்குக் கல்யாணம். அப்பா இல்லை. தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் அவன்தான். போவதற்குத் தடையில்லை. ஆனால் இணக்கச் சான்று இல்லாமல் போனால் திரும்பி வர முடியாது. சான்று இருந்தால் தங்கையும் உண்டு, மனைவியும் உண்டு. இல்லையென்றால் இரண்டில் ஒருவர். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

அலுவலர் தங்கச்சாமி பன்னிரண்டு மணிக்கு வந்தார். நெற்றியில் விபூதி. சட்டைப் பையில் மூன்று பேனா. உட்கார்ந்ததும் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"வந்ததும் ஒண்ணா?" என்றார் வருத்தத்துடன்.

"அது என்ன சார்?"

"வியப்புப் பதிவேடு. நீங்க இந்த ஊரு அன்றாட வாழ்க்கைக்குப் பழகிட்டீங்களான்னு நாங்க சான்று கொடுக்கணும். பழகுனத எப்படி அளக்க? பன்னெண்டு பேர் கமிட்டி ரெண்டு வருசம் உக்காந்து யோசிச்சாங்க. கடைசியில கண்டுபிடிச்சாங்க. பழகுனவன் எதுக்கும் வியக்க மாட்டான். புருவம் ஏறுனா கால் வியப்பு. வாய் தொறந்தா அரை. சத்தம் வந்தா முழுசு. மூணு முழுசு ஆச்சுன்னா மனு தள்ளுபடி. பொறவு ஆறு மாசம் கழிச்சுத்தான் வரணும்."

லோகநாதனின் வாய் திறந்திருந்தது.

"இதுக்குப் பரவாயில்ல. விதியை விளக்கும்போது வியந்தா கணக்குல சேராது. அந்தச் சலுகை உண்டு."

விண்ணப்பத்தை வாங்கிப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"சரி. ஆய்வு முடிஞ்சதும் இங்க நான் கையெழுத்துப் போடுவேன். நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய் சீல் வச்சுக்கிடணும்."

"சீல் அங்கயா இருக்கு?"

"ஆபீசு தங்களுக்குத்தான் வேணும்னு ரெண்டு ஊர்க்காரங்களும் மறியல் பண்ணாங்க. சமாதானமா முடிச்சோம். ஆபீசு ராஜபாளையத்துக்கு, சீல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. யாருக்கும் மனவருத்தம் இல்ல."

"அங்க சீல் வைக்கிறது யாருங்க?"

"நம்ம மாரிச்செல்விதான். செவ்வாயும் வெள்ளியும் பஸ்ல போய் சீலோட உக்காந்துட்டு வருவாங்க."

லோகநாதன் யோசித்தான். "அவங்களே வரும்போது சீலை இங்க எடுத்துட்டு வந்தா..."

தங்கச்சாமி பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, சீல் பஸ்ல போகக் கூடாது. சீலுக்குப் பாதுகாப்பு விதி இருக்கு. மனுசங்களுக்குத்தான் அந்த மாதிரி விதி ஒண்ணும் இல்ல. அவங்க எங்க வேணாலும் போலாம்."

"ஐயோ," என்றான் லோகநாதன்.

மாரிச்செல்வி பதிவேட்டை இழுத்தார். புருவம், வாய், சத்தம். முதல் நாளிலேயே இரண்டு முழு வியப்பு. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

"யாரையும் நாங்க அலைய விடுறதில்ல," என்று வாசல்வரை வந்து சொன்னார் தங்கச்சாமி. "அவங்களாத்தான் அலையுறாங்க."

அன்று மாலை மில்லிலிருந்து வந்த பாண்டிசெல்வி எல்லாவற்றையும் கேட்டாள். நேரே எதிர் வீட்டுக்குப் போய் அழகுத்தாயைக் கூட்டி வந்தாள். அழகுத்தாய்க்கு ஐம்பது வயது. நகராட்சி, மின்வாரியம், ரேஷன் கடை மூன்றையும் தனியாகச் சமாளித்துக் குடும்பம் நடத்தியவர். நாற்காலியை இழுத்து லோகநாதனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க. இன்னிக்கு குழாயில தண்ணி வராது."

"சரிக்கா."

"நாளைக்கும் வராது."

"சரிக்கா."

"தண்ணி வராத குழாய்க்கு மீட்டர் வைக்கப் போறாங்க."

"எதுக்கு?"

"தோத்துட்டீக. ஏட்டி செல்வி, உன் வீட்டுக்காரரு பச்சப்புள்ளையா இருக்காரே. எதுக்குன்னு ஒரு ஊர்ல கேக்கலாமா?"

"அவிய ஊர்ல கேப்பாங்களாம்க்கா," என்றாள் பாண்டிசெல்வி.

"கேட்டா?"

"பதில் சொல்லுவாங்களாம்."

அழகுத்தாயின் வாய் திறந்தது. பிறகு அவரே மூடிக்கொண்டார்.

"சரி, ஒண்ணு கத்துத் தாரேன். இந்த ஊர்ல எது நடந்தாலும், எது நடக்காட்டாலும் ஒரே பதில்தான். 'அதான பார்த்தேன்.' கரண்டு போச்சா, அதான பார்த்தேன். பஸ்ஸு ஸ்டாப்புல நிக்காம நாப்பதடி தள்ளி நிக்கா, அதான பார்த்தேன். சொல்லும்போது மூஞ்சியில ஒண்ணும் தெரியக் கூடாது. லேசா ஒரு சந்தோசம் இருக்கலாம். நாம நெனச்சது நடந்துருச்சில்ல?"

லோகநாதன் இரண்டு வாரம் பயின்றான். பல் துலக்கும்போது சொல்லிப் பார்த்தான். காய் நறுக்கும்போது சொன்னான். காலையில் தார் போட்ட தெருவை மாலையில் குழாய்க்காகத் தோண்டினார்கள். அவன் வாசலில் நின்று பார்த்தான். "அதான பார்த்தேன்," என்றான். எதிர் வீட்டிலிருந்து அழகுத்தாய் கை தட்டினார்.

நேரடி வாழ்வியல் ஆய்வு ஒரு புதன்கிழமை. பத்து மணிக்கு வருகிறோம் என்றார்கள். லோகநாதன் ஒன்றரை மணிக்கு நான்கு பேருக்குச் சமைத்து வைத்தான். தங்கச்சாமியும் மாரிச்செல்வியும் ஒன்று நாற்பதுக்கு வந்தார்கள்.

"நாங்க சாப்பிட வருவோம்னு எப்படித் தெரியும்?" என்றார் தங்கச்சாமி.

"தெரியும் சார்."

தங்கச்சாமி மாரிச்செல்வியைப் பார்த்தார். மாரிச்செல்வி ஒன்றும் எழுதவில்லை.

குழாயைத் திறக்கச் சொன்னார்கள். காற்று வந்தது. அதான பார்த்தேன். மிக்சியில் தேங்காயைப் போட்டு ஓட்டச் சொன்னார்கள். மின்சாரம் போனது. அதான பார்த்தேன். சிலிண்டர் பதிந்து எத்தனை நாள் என்றார்கள். இருபத்து மூன்று நாள். வந்ததா? வந்ததாகக் கைபேசிக்குச் செய்தி வந்தது, சிலிண்டர் வரவில்லை. அதான பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தெருக் காதுகுத்துக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கி இவர்கள் ஜன்னலைப் பார்த்து அலற ஆரம்பித்தது. லோகநாதன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தவில்லை. குரலை மட்டும் உயர்த்திக்கொண்டான். தங்கச்சாமி தன்னையறியாமல் தலையாட்டினார்.

மீன் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது மனம் விட்டுப் பேசினார். அவருக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்பு. அங்கே மாற்றல் கேட்டு மனுப் போட்டு ஒன்பது வருடம். "போட்ட மனு எங்க இருக்குன்னே தெரியல," என்றார். பிறகு, ஒரு அலுவலர் இப்படிப் பேசக் கூடாது என்று நினைவு வந்து நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. மனுங்கிறது நகரக் கூடாது. நகர்ந்தா தொலைஞ்சிரும். ஒரே இடத்துல இருந்தாத்தான் பத்திரம்."

கை கழுவ வாளித் தண்ணீர் தயாராக இருந்தது. அதையும் மாரிச்செல்வி குறித்துக்கொண்டார்.

"இந்த மாதிரி ஒரு மூஞ்சியை," என்றார் தங்கச்சாமி, லோகநாதனின் தோளில் கை வைத்து, "ரிட்டயர் ஆகப்போற ஆளுங்ககிட்டதான் பார்த்திருக்கேன். நாளைக்கு வாங்க. கடைசிப் பரிசோதனை ஒண்ணு இருக்கு. சும்மா பேருக்கு."

மறுநாள் வியாழக்கிழமை. கல்யாணத்துக்குப் பத்து நாள். லோகநாதன் பதினொன்றரைக்குப் போகலாம் என்றுதான் இருந்தான். காய்கறி வாங்கப் பத்து மணிக்கு அந்த வழியாகப் போனான்.

அலுவலகம் திறந்திருந்தது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மாரிச்செல்வி இடத்தில் இருந்தார். தங்கச்சாமி எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க," என்றார். நாற்காலியைத் துடைத்திருந்தார்கள். டீ வந்தது. கோப்பு மேசைமேல் தயாராக இருந்தது. தங்கச்சாமி நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டார். யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நகல் கேட்கவில்லை. நாளைக்கு வா என்று சொல்லவில்லை. பத்து மணி ஒன்பது நிமிடத்துக்குச் சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்க. காக்க வச்சதுக்கு மன்னிக்கணும்."

லோகநாதன் 'அதான பார்த்தேன்' என்று சொல்ல முயன்றான். அதற்கு அங்கே இடமே இல்லை. புருவம் ஏறியது. வாய் திறந்தது.

"ஐயையோ, என்ன சார் இது!"

தங்கச்சாமி சான்றிதழைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மாரிச்செல்வி எழுதினார். மூன்றாவது.

"இதுதான் பரிசோதனை," என்றார் தங்கச்சாமி மென்மையாக. "கெட்டது நடந்தா எவனும் வியக்க மாட்டான். நல்லது நடந்தா வியக்காம இருக்கணும். கமிட்டியில இந்தக் கேள்வியை வச்சவரு பெரிய அறிவாளி. இதுவரைக்கும் இதுல ஒருத்தரும் தேறல. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"எந்தங்கச்சி கல்யாணம் சார்."

"வாழ்த்துகள்," என்றார் தங்கச்சாமி.

அடுத்த புதன்கிழமைதான் பாண்டிசெல்விக்கு மில்லில் அரைநாள் விடுப்பு கிடைத்தது. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து சனிக்கிழமை விமானம். அவள் கணவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"சார், நான் பொறந்தது அய்யனார் கோவில் ரோட்டுல. முப்பத்தொரு வருசம் இந்த ஊர்லதான் இருக்கேன். எனக்கு இணக்கம் இருக்கா?"

"உங்களுக்கு எதுக்கும்மா? நீங்க உள்ளூரு."

"அந்த ஆபீசு பத்து மணிக்குத் தொறந்திருந்துச்சு, ஒன்பது நிமிசத்துல வேலைய முடிச்சுக் குடுத்தாங்கன்னு இவுக வந்து சொன்னாக. நான் அரிவாள்மணையைத் தூக்கிப் போட்டுட்டு கத்துனேன். எதிர்வீட்டு அக்கா மோரைக் குடிச்சுட்டு இருந்தவுக, பொறையேறிப் போச்சு. சார், இதுக்கு வியக்காம இருந்தாத்தான் வெளியூர்க்காரன். வியந்தா உள்ளூரு."

தங்கச்சாமி யோசித்தார். அவர் யோசிப்பதை லோகநாதன் அன்றுதான் பார்த்தான்.

"இது உங்க அபிப்பிராயம். ஆதாரம் வேணும்ல?"

"யாரையாவது கூப்பிட்டுப் பாருங்க."

அதே கட்டடத்தில் வேறொரு அலுவலகத்தின் வாசலில் சேத்தூர் சின்னக்கருப்பன் உட்கார்ந்திருந்தார். விவசாயி. வாரிசுச் சான்றுக்குப் பதினேழு மாதமாக நடக்கிறார். மாரிச்செல்வி போய்க் கூட்டி வந்தார். தங்கச்சாமி எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கய்யா."

சின்னக்கருப்பன் நாற்காலியைப் பார்த்தார். தங்கச்சாமியைப் பார்த்தார்.

"உங்க மனுவை இன்னிக்கே, இப்பவே முடிச்சுத் தரச் சொல்லுதேன். டீ சாப்பிடுறீங்களா?"

"ஐயா," என்றார் சின்னக்கருப்பன். "நான் என்ன தப்புய்யா செஞ்சேன்?"

யாரும் பதில் சொல்வதற்குள் வெளியே போய்விட்டார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. மாரிச்செல்வி புருவம், வாய், சத்தம் என்று மூன்றிலும் குறி போட்டார். கட்டங்கள் போதாமல், 'ஓடிவிட்டார்' என்று ஓரத்தில் எழுதினார்.

"ஒருத்தரை வச்சு முடிவு பண்ண முடியாது," என்றார் தங்கச்சாமி.

"அப்ப இன்னொருத்தர்," என்றார் மாரிச்செல்வி. தங்கச்சாமி முன்னால் அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. இழுப்பறையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். "சார், சொல்ல மறந்துட்டேன். காலையில தபால் வந்துச்சு. உங்களுக்கு வத்திராயிருப்பு மாற்றல் ஆயிருச்சு."

தங்கச்சாமி எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. மூன்று பேனாவில் ஒன்று தெறித்தது.

"என்னது! யாத்தே! நெசமாவா?"

மாரிச்செல்வி எழுதி முடிக்கும்வரை அவர் அப்படியே நின்றார்.

"இல்ல சார். சும்மா சொன்னேன். பரிசோதனைதான்."

தங்கச்சாமி நாற்காலியை நிமிர்த்தினார். மெதுவாக உட்கார்ந்தார்.

"அதான பார்த்தேன்," என்றார்.

பிறகு அவர் கோப்பை எடுத்து, அலுவலர் குறிப்பு என்ற இடத்தில் எழுதினார். 'மனுதாரர் உள்ளூர்வாசிகள் வியக்கும் இடத்தில், உள்ளூர்வாசிகள் வியக்கும் அளவுக்கு மட்டுமே வியக்கிறார். அலுவலர் தாமே நேரில் சோதித்து அறிந்தார்.' கையெழுத்துப் போட்டார். சான்றிதழை லோகநாதனிடம் திருப்பிக் கொடுத்தார். பதிவேட்டில் தன் பெயர் இருந்த பக்கத்தைக் கிழிக்கலாமா என்று மாரிச்செல்வியிடம் கேட்டார். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறது என்றார் மாரிச்செல்வி.

வெள்ளிக்கிழமை இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். பஸ் நிறுத்தம் தாண்டி நின்றது. லோகநாதன் ஏற்கெனவே அங்கேதான் நின்றிருந்தான். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், ஒரே ஒரு அறை. ஒரு இரும்பு பீரோ. ஒரு நாற்காலி. நாற்காலியில் மாரிச்செல்வி. பீரோவுக்குள் பீரோ மாதிரி ஒரு பெட்டி. அதற்குள் சீல்.

சீலை எடுத்துச் சான்றிதழில் அழுத்தினார். ஒன்றும் விழவில்லை.

"மை காஞ்சிருச்சு. ராஜபாளையத்துலதான் இருக்கு மை."

லோகநாதன் பையிலிருந்து ஸ்டாம்ப் பேடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. மாரிச்செல்வி அவனை முதன்முறையாக மரியாதையுடன் பார்த்தார். சீல் விழுந்தது.

"பின்பக்கம் நிபந்தனை இருக்கு. படிச்சுச் சொல்லணும்கிறது விதி," என்று வாசித்தார். "'இச்சான்று பெற்றவர் அயல்நாட்டில் ஏழு நாட்களுக்கு மேல் தங்கினால், அந்நாட்டு அன்றாட வாழ்வுக்கு இணங்கிவிட்டதாகக் கருதப்படுவார். திரும்பி வந்ததும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.' நீங்க எத்தனை நாள் போறீங்க?"

"பத்து நாள்."

"மேடம்," என்றாள் பாண்டிசெல்வி, "அது இவுக பொறந்து வளர்ந்த ஊரு மேடம்!"

மாரிச்செல்வி அவளைப் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு லோகநாதனின் புருவத்தைப் பார்த்தார்.

"விண்ணப்பம் எத்தனை நகல் மேடம்?" என்றான் லோகநாதன். "இந்தத் தடவையும் மூணுதானா?"

"நாலு," என்றார் மாரிச்செல்வி. பேனாவை மூடினார்.

படியிறங்கும்போது பாண்டிசெல்வி கணவனின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குக் கோவமே வரலையா?"

"எதுக்கு?"

அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. கடையில் நின்று சுகந்திக்குப் பால்கோவா வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹட்டனில் மழை. கோயில் மண்டபத்தில் லோகநாதன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு செம்பில் தண்ணீருடன் நின்றான். மேளத்தின் தாளம் மாறியது. பெண்ணைக் கூட்டி வந்தார்கள். பதினாலு மாதத்துக்கு முன்பு விமான நிலையத்தில் இரட்டைச் சடையோடு அழுதுகொண்டு நின்றவள், சிவப்புக் கூறைச் சேலையில் தலை நிமிர்ந்து நடந்து வந்தாள். அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

லோகநாதனின் புருவம் ஏறியது. வாய் திறந்தது. "அட," என்று சத்தமாகவே வந்தது.

எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அவன் தண்ணீரை வார்த்தான்.